நிலவறையும் றங்குப்பெட்டியும்

கல்லூரி அன்னையின் விழா மலருக்கு ஒரு கட்டுரை அனுப்புமாறு மலர்க்குழுவினர் எமக்கு எழுதியபோது, எதைப்பற்றி எழுதுவதெனச் சில நாள் திகைத்தோம். கல்வியைப் பற்றி எழுதக் கல்விமான்கள் இருக்கின்றனர். துடுப்பாட்ட வெற்றிகளை எழுத அவ்வெற்றிகளை ஈட்டியவர்களே இருக்கின்றனர். நாமோ எல்லைக்கோட்டுக்கு அப்பால் நின்று பந்தைப் பொறுக்கி எறிந்தவர்கள். எமக்கு நன்கு தெரிந்த பொருள் ஒன்றே ஒன்றுதான் உண்டு. அது எம் வீட்டு நிலவறை. அங்கே பொருள்களை எப்படி வைப்பது, எப்படி வைக்கக் கூடாது என்பதை நாம் பெரும் விலை கொடுத்துக் கற்றோம். அவ்விலையில் ஒரு பகுதி எமது கல்லூரியையும் சார்ந்தது. ஆதலின் இம்மலரில் இதற்கு ஓரிடம் உண்டெனத் துணிந்து எழுதலானோம்.

யாழ்ப்பாணத்திலிருந்து இதனைப் படிக்கும் அன்பர்களுக்கு நிலவறை புதுமையாகத் தோன்றலாம். எமது குடாநாட்டிற் சில அடி தோண்டினாற் சுண்ணக்கல் தட்டுப்படும். அதையும் உடைத்துச் சென்றால் நீர் ஊறும். அங்கே நிலத்தைத் தோண்டுவது கிணற்றுக்காக, வீட்டுக்காக அன்று. கனடாவிலோ நிலைமை வேறு. குளிர்காலத்தில் மண் உறைகின்றது. ஈரமண் உறைந்தால் வீங்கும்; வீங்கினால் மேலுள்ள சுவரைத் தூக்கி வெடிக்கச் செய்யும். எனவே அத்திவாரம் உறையும் மண்ணுக்குக் கீழே இறங்க வேண்டும். ரொறன்ரோப் பகுதியில் அந்த ஆழம் ஏறக்குறைய நான்கு அடி. நான்கடி தோண்டுகின்றவர் மேலும் சில அடி தோண்டினால் ஒரு தளம் முழுவதும் கூடுதலாகக் கிடைக்குமே என்பது இந்நாட்டார் கணக்கு. இங்ஙனம் பிறந்ததே நிலவறை. எம்மவர் வாயில் 'பேஸ்மென்ற்'.

1990ஆம் ஆண்டு நாம் இந்நாட்டுக்கு வந்தபோது முதன்முதற் குடியிருந்ததும் ஒரு நிலவறையிலேயே. அக்காலத்தில் வந்த எம்மவரிற் பலருக்கு அதுவே முதல் வீடு. மேலே வீட்டுக்காரர் நடக்கும் ஓசையைக் கேட்டு நேரத்தை அறிந்தோம். முழங்கையளவு யன்னலில் விழும் பனியைப் பார்த்துக் காலத்தை அறிந்தோம். 1999இல் எம் அன்னையார் வந்து சேர்ந்தார். 2003இல் மிசிசாகா நகரில் எமக்கென ஒரு பழைய வீட்டை வாங்கினோம். வீட்டைச் சுற்றிக் காட்டுவதற்காக அன்னையாரைக் கைபிடித்துக் கீழே அழைத்துச் சென்றோம். அவர் கடைசிப் படியிலே நின்றுவிட்டார்.

"தம்பி, இது பங்கர் மாதிரியெல்லோ கிடக்குது. மழை வந்தால் என்ன செய்வாய்?" என்றார்.

நாம் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. போர்க்காலத்தில் எமது வளவிலும் ஒரு பதுங்குகுழி இருந்தது. பனங்குற்றிகளை மேலே அடுக்கி, மண்மூட்டைகளைப் பரப்பிய குழி அது. மாரி வந்தால் அதிலே முழங்கால் வரை நீர் நிற்கும். விமானத்தின் ஓசை கேட்டாற் குழிக்குள் இறங்குவதா, நீரை நினைத்து வெளியே நிற்பதா என்று பலநாள் தடுமாறியவர் எம் அன்னையார். நிலத்துக்குக் கீழே உள்ள எதுவும் ஒருநாள் நீருக்கு உரியதாகும் என்பது அவர் பட்டறிந்த உண்மை. அந்த உண்மையை நாம் அன்று மதிக்கவில்லை.

அன்னையார் ஊரிலிருந்து கொண்டுவந்தது ஒரு றங்குப்பெட்டி. எம் தந்தையாருடையது; பச்சைநிறத் தகரப்பெட்டி. தந்தையாரும் எமது கல்லூரியின் பழைய மாணவரே. பின்னாளில் ஆசிரியராகி மலைநாட்டிற் சில ஆண்டுகள் பணியாற்றியவர். 1993இல் அவர் காலமானார். 1995 ஒக்ரோபர் 30ஆம் நாள் இரவு, யாழ்ப்பாணத்து மக்கள் இலட்சக்கணக்கில் இடம்பெயர்ந்தபோது, கொட்டும் மழையில், அயலவர் ஒருவரின் சைக்கிள் கரியரிலே கட்டி அன்னையார் தென்மராட்சிக்குக் கொண்டுசென்றது அந்தப் பெட்டியைத்தான். தைத்த துணிகளை விட்டார், வெண்கலப் பாத்திரங்களை விட்டார், ஆட்டுக்கல்லை விட்டார். பெட்டியை விடவில்லை. மழை ஒரு துளியேனும் உள்ளே இறங்காதபடி தம் சேலையொன்றை அதன்மேற் சுற்றியிருந்தார்.

பெட்டிக்குள் இருந்தவை மூன்று. ஒன்று, எமது காணி உறுதிகள். இரண்டு, தந்தையார் மலைநாட்டிலிருந்து அன்னையாருக்கு எழுதிய கடிதங்கள். மூன்று, தந்தையார் பயின்ற காலத்துக் கல்லூரி மலர்கள் சில. ஓரங்களில் அவர் பென்சிலாற் குறிப்பெழுதியவை.

பத்து ஆண்டுகளுக்குள் எம் நிலவறை நிறைந்தது. எப்படி நிறைந்தது என்று கேட்பீராயின், புலம்பெயர்ந்தோர் வீடு எதுவும் விதிவிலக்கன்று. விமானப் பயணத்துக்கு வாங்கிய பெரும் பைகள், பிள்ளைகளின் பனிச்சப்பாத்துகள், மங்கல காரியங்களுக்கு அயலார் இரவல் கேட்கும் கிடாரங்கள், குத்துவிளக்குகள், ஒரு கரம்பலகை, ஊரிலிருந்து வந்த பன்பாய்கள், ஓடாத தொலைக்காட்சிப் பெட்டி, ஓடும் என்று நம்பி வைத்திருந்த இன்னொன்று. எல்லாம் கடைகளில் இலவசமாகப் பெற்ற மட்டைப்பெட்டிகளில், தரையின்மேல், சுவரோடு சுவராக. றங்குப்பெட்டியைப் படிக்கட்டின் கீழே வைத்தோம்.

"நிலத்திலை வையாதை, தம்பி" என்றார் அன்னையார்.

"இது சீமெந்துத் தரை, அம்மா. கறையான் ஏறாது" என்றோம்.

ஊரிலே எம் பாட்டனார் வீட்டை இப்போது நினைத்துப் பார்க்கின்றோம். அங்கே பெறுமதியான பொருள் எதுவும் தரையைத் தொட்டதில்லை. நெல் கொம்பறையில் இருந்தது. கொம்பறை நிலத்திலிருந்து உயர்ந்து நின்றது. அடுத்த போகத்துக்குரிய விதைகள் அடுப்புக்கு மேலே பரணிற் கிடந்தன; புகை அவற்றைப் பூச்சியிலிருந்து காத்தது. தயிரும் நெய்யும் உறியிலே தொங்கின. ஒடியல் கடகத்தில், கடகம் வாங்கின்மேல். நெல்லுக்கிடையே காய்ந்த வேப்பிலை. அந்த வீட்டில் ஓர் அலுமாரிதான் இருந்தது. ஆயினும் எந்தப் பொருளுக்கும் ஓரிடம் இருந்தது. உயரமும் காற்றும் இருந்தாற் பொருள் நிலைக்கும் என்ற அறிவு அவர்களுக்குப் பழக்கத்தில் இருந்தது. நாமோ கணிதமும் பௌதிகமும் கற்றுவிட்டு, அட்டைப்பெட்டியை ஈரத்தரையில் வைத்தோம்.

2013ஆம் ஆண்டு யூலை 8ஆம் நாள் மாலை அந்த மழை பெய்தது. பியர்சன் விமானநிலையத்தில் அன்று 126 மில்லிமீற்றர் பதிவாயிற்று. அப்பகுதியில் யூலை மாதம் முழுவதும் பெய்யும் சராசரி மழையை இரண்டொரு மணி நேரத்தில் மிஞ்சிய மழை அது. மின்சாரம் நின்றது. மின்சாரம் நின்றதால், நிலத்தடி நீரை வெளியே தள்ளும் பொறியும் நின்றது. தரையின் நடுவே நீர் வடியவென அமைந்த துவாரம் வழியாகவே நீர் மேலெழுந்து வந்தது. வேலை முடிந்து, தடைப்பட்ட வீதிகளிலே நான்கு மணி நேரம் நின்று, நாம் வீடு சேர்ந்தபோது இருள் சூழ்ந்திருந்தது. கைவிளக்குடன் கீழே இறங்கினோம். கடைசிப் படிக்கு முந்திய படியிலேயே காலில் நீர் பட்டது.

நீர் ஆறு அங்குலந்தான். ஆறு அங்குலம் என்பது சிறிதென்று எண்ண வேண்டாம். மட்டைப்பெட்டிகள் அடியில் ஊறிச் சரிந்தன. சரிந்தவை மேலிருந்தவற்றையும் நீரிலே தள்ளின. றங்குப்பெட்டி மிதக்கவில்லை, அதன் அடித்தகட்டில் நாம் ஒருபோதும் கவனித்திராத துருத் துளைகள் இருந்தன. பெட்டியைத் திறந்தோம். மேலே இருந்த காணி உறுதிகள் காய்ந்தபடியே இருந்தன. கீழே, மிகப் பத்திரமாக இருக்கட்டும் என்று அன்னையார் அடியில் வைத்திருந்த கடிதங்களும் மலர்களும் நீரிலே ஊறியிருந்தன.

தந்தையார் ஊற்றுப்பேனாவால், நீல மையில் எழுதுபவர். அந்த மை கரைந்து தாள்கள் எல்லாம் ஒரே வெளிறிய நீலமாகி இருந்தன. ஒரு சொல்லையும் படிக்க முடியவில்லை. காணி உறுதிக்குக் காணிப் பதிவுக் கந்தோரிலே பிரதி கேட்கலாம். கடிதத்துக்கு எந்தக் கந்தோரிற் பிரதி கேட்பது?

அன்னையார் எம்மைக் கடிந்துகொள்ளவில்லை. ஈரத்தாள் ஒன்றைக் கையில் ஏந்தி நெடுநேரம் இருந்தார். பிறகு சொன்னார்: "வைச்சிருக்கிறது வேறை, பாதுகாக்கிறது வேறை, தம்பி."

அந்த ஒரு வாக்கியமே இக்கட்டுரையின் பொருள். மற்றவை எல்லாம் அதன் விரிவுரை.

நனைந்த தாளைப்பற்றி முதலிற் சொல்லிவிடுவோம். ஈரமான தாளிற் பூஞ்சணம் பிடிக்க ஒன்றிரண்டு நாள் போதும். அத்தனையையும் ஒரே நாளில் உலர்த்த இயலாதாயின், சிறு கட்டுகளாக்கி மெழுகுத்தாளிற் சுற்றிக் குளிர்சாதனப் பெட்டியின் உறைபகுதியில் வைத்துவிட வேண்டும். உறைந்த நிலையிற் பூஞ்சணம் வளராது. பிறகு ஆறுதலாக, ஒவ்வொரு கட்டாக எடுத்து, தாள்களுக்கிடையே ஈரமுறிஞ்சும் வெறுந்தாளை வைத்து, நிழலிலே, மின்விசிறிக் காற்றில் உலர்த்தலாம். வெயிலிற் போட்டால் தாள் சுருளும், மை வெளிறும். இதனை ஒரு நூலகத்திற் பணிபுரியும் அன்பர் ஒருவர் தொலைபேசியில் எமக்குச் சொன்னார். இரண்டு மாதம் எம் உறைபெட்டியில் மீனுக்குப் பதிலாகக் கல்லூரி மலர்கள் இருந்தன. அச்சு மை நீருக்கு அசையவில்லை. ஓரத்திலே தந்தையார் எழுதிய பென்சிற் குறிப்புகளும் அசையவில்லை. விலையுயர்ந்த மை கரைந்தது. அரைச்சதப் பென்சில் நிலைத்தது.

அந்த வாரக் கடைசியில் எம்முடன் கல்லூரியிற் படித்த நண்பர் ஒருவர் வந்தார். மரவேலை வகுப்பில் ஆசிரியரின் பாராட்டைப் பெற்றவர். நாம் அதே வகுப்பில் மூலைமட்டம் பிடிக்கத் தெரியாமல் ஏச்சு வாங்கியவர்கள். கடைகளிற் கிடைக்கும் இரும்பு இறாக்கைகளின் விலையை விசாரித்து நாம் பெருமூச்சு விட்டபோது, "மச்சான், இரண்டு பலகையும் கொஞ்சச் சட்டமும் வாங்கு, நான் செய்து தாறன்" என்றார். அவர் செய்ததை இங்கே எழுதுகின்றோம். வாள் பிடிக்கத் தெரிந்த எவரும் இதைச் செய்யலாம்.

ஒட்டுப்பலகை நான்கடி அகலமும் எட்டடி நீளமும் உடையதாக விற்கப்படுகின்றது. அதனை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்தால், இரண்டடி அகலத்தில் எட்டடி நீளமான இரு தட்டுகள் கிடைக்கும். பெரிய மரக்கடைகளிற் கேட்டால் அவர்களே பிளந்து தருவர். இரண்டு பலகையில் நான்கு தட்டுகள். சட்டத்துக்கு 'இரண்டுக்கு நான்கு' என்ற பெயருடைய மரம். பெயரை நம்பி அளவெடுக்கக் கூடாது. இழைத்து வரும்போது அது ஒன்றரை அங்குலமும் மூன்றரை அங்குலமுமே இருக்கும். நாம் பெயரை நம்பி வரைந்த முதற்படத்தை நண்பர் கிழித்துப்போட்டார். எட்டடிச் சட்டங்கள் பதினேழு வேண்டியிருந்தன. ஒவ்வொரு தட்டுக்கும் முன்னும் பின்னும் இரு நீளச் சட்டம். அவற்றை இணைக்க இரு முனையிலும் நடுவிலும் குறுக்குச் சட்டம். நிமிர்ந்து நிற்க ஆறு கால்கள், நடுவிலே இரண்டு உட்பட. நடுக்கால் இன்றியமையாதது. புத்தகம் அடுக்கினால் ஓர் அடி நீளத்துக்கு ஏறக்குறைய இருபது இறாத்தல் நிறை ஏறும். எட்டடித் தட்டில் நூற்றறுபது இறாத்தல். வளர்ந்த ஆள் ஒருவர் அத்தட்டிற் படுத்திருப்பதற்கு அது சமம். ஆணிக்குப் பதிலாகத் திருகாணி பூட்டினோம். வீடு மாறினாற் கழற்றலாம். 2013இல் இவை யாவும் 150 டொலருக்குள் முடிந்தன. அதன்பின் மரவிலை கூடிவிட்டது; ஆயினும் இம்முறை கைக்கு எட்டாததன்று.

அதற்கும் பணமில்லை என்பாருக்கு வேறு வழியும் உண்டு. கடைகளிற் சரக்கை அடுக்கி இறக்கும் மரத்தட்டுகளைப் பலர் பின்புறத்திற் போட்டுவிடுவர். கேட்டால் கொடுப்பர். அவற்றின் பக்கத்தில் ஒரு முத்திரை இருக்கும். 'எச்.ரி.' என்ற எழுத்துகள் இருந்தால் வெப்பத்தாற் பதப்படுத்தியது, எடுக்கலாம். 'எம்.பி.' என்றிருந்தால் நச்சுவாயுவாற் பதப்படுத்தியது, தொட வேண்டாம். ஒரு மரத்தட்டைத் தரையில் விரித்து அதன்மேற் பெட்டிகளை வைத்தாலே ஐந்து அங்குலம் உயர்ந்துவிடும். அயலார் சமையலறையைப் புதுப்பிக்கும்போது கழற்றும் பழைய அலுமாரிகளும் சுவரில் மாட்ட உகந்தவை.

இனி, இடம். நண்பர் முதலிற் கேட்டது, "நீர் எங்காலை வந்தது?" என்பதே. தரைத் துவாரத்தைச் சுற்றி எதையும் வைக்கவில்லை. மிகக் கீழ்த்தட்டைத் தரையிலிருந்து ஓர் அடி உயர்த்தினோம். "மரம் ஈரத்தைக் குடிக்கிறது அடியாலைதான்" என்று சொல்லி, ஆறு கால்களுக்கும் கீழே பழைய ரயரிலிருந்து வெட்டிய துண்டுகளை வைத்தார். கொம்பறைக்குக் கல்வைத்த எம் பாட்டனாரை நாம் அன்று நினைத்தோம். வெளிச்சுவரோடு ஒட்டாமல் மூன்று அங்குலம் இடைவெளி விட்டோம். குளிர்ந்த சுவரிலே வேர்க்கும் ஈரம் பொருளைத் தொடாமல் இருக்கவும், காற்று ஓடவும். சரிந்து விழாதபடி மேல்முனையைக் கூரைவளையோடு திருகாணியாற் பிணைத்தோம். மின்சாரப் பெட்டியின் முன்னே ஒரு மீற்றர் இடம் வெறுமையாக இருக்க வேண்டும் என்பது விதி. வீட்டைச் சூடாக்கும் உலைக்கு அருகிலும் எதையும் அடுக்கக் கூடாது. பெற்றோல், மை கரைக்கும் திரவம் முதலிய தீப்பற்றும் பொருள்களை நிலவறையில் வைக்கவே கூடாது.

படிக்கட்டின் கீழ் உள்ள முக்கோண இடம் வீணாவது வழக்கம். அங்கே சிறு சில்லுப் பூட்டிய மூன்று பெட்டிகளை நண்பர் செய்தார். இழுத்தால் வரும், தள்ளினாற் போகும். ஆழத்திற் கிடக்கும் பொருளை எடுக்கத் தவழத் தேவையில்லை. தலைக்குமேல், கூரைவளைகளுக்குக் குறுக்கே இரண்டு சட்டம் அடித்தார். பன்பாய்களும் ஏணியும் கோலாட்டக் கம்புகளும் அங்கே ஏறின. அதைப் பார்த்த அன்னையார், "இப்பதான் ஒரு பரண் வந்திருக்கு" என்றார். அந்த மாதத்தில் அவர் முகம் மலர்ந்தது அன்றுதான். வாயுக்குழாயிலோ காற்றுக்குழாயிலோ எதையும் தொங்கவிடக் கூடாது என்பதை மட்டும் ஈண்டுக் குறிப்போம். சிலர் வீடுகளில் அவற்றிற் சட்டைகள் தொங்கக் கண்டிருக்கின்றோம்.

மட்டைப்பெட்டிகளை முற்றாக ஒழித்தோம். அவை ஈரத்தைக் குடிக்கும்; பூச்சிக்கும் எலிக்கும் விருந்தாகும். அவற்றுக்குப் பதிலாக மூடியுள்ள, உள்ளிருப்பது தெரியும் பிளாஸ்ரிக் பெட்டிகளை ஆண்டிறுதி மலிவு விற்பனையிற் சிறிது சிறிதாக வாங்கினோம். முற்றாக உலர்ந்த பொருளையே அவற்றில் இட வேண்டும். ஈரத்தை உள்ளே வைத்து மூடினால் அது வெளியேற வழியில்லை. ஒவ்வொரு பெட்டிக்கும் எண் இட்டு, எந்த எண்ணில் எது என்பதை ஒரு கொப்பியில் எழுதிப் படிக்கட்டின் தலைப்பில் மாட்டினோம். செலவு ஒரு டொலர். இதுபோலப் பயன் தந்த டொலர் வேறில்லை. முன்னர் ஒரு புட்டுக்குழலைத் தேடி எடுப்பதைவிடப் புதியதொன்றை வாங்குவது எளிதாக இருந்தது. அவ்வாறு வாங்கிய புட்டுக்குழல்கள் நான்கு அடுக்கும்போது வெளிப்பட்டன.

எம்மவர் பலர் அறியாத செய்தி ஒன்று. ஊரிலே அறை ஈரமாயின் யன்னலைத் திற என்பர். இங்கே கோடையில் நிலவறையின் யன்னலைத் திறந்தால், வெளியேயுள்ள வெக்கையான ஈரக்காற்று உள்ளே வந்து குளிர்ந்த சுவரிற் பட்டு நீராகும். திறக்கத் திறக்க ஈரம் கூடும். கோடையில் யன்னலை மூடி, காற்றின் ஈரத்தை உறிஞ்சும் கருவியை ஓடவிடுவதே முறை. ஈரமானி ஒன்று சில டொலருக்குக் கிடைக்கும். அது நூற்றுக்கு ஐம்பதுக்குக் கீழே காட்டுமாறு பார்த்துக்கொண்டாற் பூஞ்சணம் அணுகாது. வடிகால்நீர் மீண்டும் மேலெழாதபடி தடுக்கும் வால்வையும், மின்சாரம் நின்றாலும் பொறி ஓடுவதற்கான மின்கலத்தையும் பின்னர் பொருத்தினோம். இவை மலிவானவை அல்ல. ஆயினும் இத்தகைய வேலைக்குச் செலவில் ஒரு பங்கைத் திருப்பித் தரும் நகரசபைகள் உண்டு. கேட்டறிதல் நன்று.

எல்லாம் முடிந்தபின் எது நிலவறைக்கு உரியது, எது உரியதன்று என்ற கேள்வி எஞ்சியது. பொருள்களை மூன்றாகப் பிரித்தோம். நனைந்தாற் கழுவிக்கொள்ளக் கூடியவை நிலவறைக்கு: கிடாரம், பாத்திரம், கருவிகள், பனிச்சப்பாத்து. நனைந்தால் வாங்கிக்கொள்ளக் கூடியவை மேற்றட்டுக்கு: துணி, புத்தகம். நனைந்தால் மீளாதவை நிலவறைக்கே உரியன அல்ல. அவற்றின் இடம் வீட்டின் மேல்மாடி, உட்சுவர் அலுமாரி. கையெழுத்தும் நிழற்படமும் அந்த மூன்றாம் இனம். மலிவாக இடம் தேடிய எமக்குக் கிடைத்த மிக மலிவான பாடம் இது. ஒரு சதமும் செலவில்லை. எவருக்கும் பயன்படாதவற்றைக் கொடுத்துவிட்டோம். தொலைக்காட்சிப் பெட்டிகள் இரண்டும் அன்று விடைபெற்றன.

ஆயினும் மேல்மாடியும் முடிந்த முடிபன்று. தீ மேல்மாடிக்கும் வரும். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறக்குறைய 97,000 நூல்கள் அழிந்தன. அங்கே நூல்கள் தரையிலா கிடந்தன? முறையாக, தட்டுகளில், பெயர் எழுதி அடுக்கப்பட்டிருந்தன. வேறெங்கும் பிரதி இல்லாதவையே என்றென்றைக்குமாக அழிந்தன. எனவே ஓரிடத்தில் இருப்பது காப்பன்று. ஈரிடத்தில் இருப்பதே காப்பு. உலர்ந்த மலர்களை எம் மகள் பக்கம் பக்கமாகப் படமெடுத்து மூன்று இடங்களிற் சேமித்தாள். தமிழே அரிதாகப் படிக்கும் அவள், ஓரத்திலுள்ள பென்சிற் குறிப்புகளை எழுத்துக்கூட்டிப் படித்தாள். ஒரு பக்கத்தில், துடுப்பாட்ட அணியின் படத்தருகே, "நான் ஓரத்திலே நிற்கிறேன், படம் என்னை வெட்டிவிட்டது" என்று தந்தையார் எழுதியிருந்தார். பந்து பொறுக்குவது எம் குடும்பத்தின் பரம்பரைத் தொழில் என்பது அன்றுதான் எமக்குத் தெரிந்தது. அந்தக் கடிதங்கள் போயின. இந்த ஒரு வரி மிஞ்சியது. அன்னையார் அதைப் பலமுறை படிக்கச் சொல்லிக் கேட்டார்.

2018இல் அன்னையார் காலமானார். 2024 யூலை 16ஆம் நாள் மீண்டும் ஒரு பெருமழை. பியர்சனில் ஏறக்குறைய 98 மில்லிமீற்றர். இம்முறையும் நிலவறையில் நீர் வந்தது. பழைய அத்திவாரத்தின் வெடிப்பொன்றின் வழியே இரண்டு அங்குலம். கைவிளக்குடன் அதே படியில் நின்றோம். நீர் தட்டுகளின் கீழே கிடந்தது. ரயர்த் துண்டுகள் நனைந்திருந்தன, கால்கள் நனையவில்லை. ஒரு பெட்டியையும் நாம் தூக்க வேண்டியிருக்கவில்லை. துடைப்பத்தால் நீரைத் தள்ளிவிட்டு, மேலே வந்து தேநீர் அருந்தினோம். "பாத்தீங்களே, அம்மா" என்று சொல்லத் திரும்பினோம். நாற்காலி வெறுமையாக இருந்தது.

றங்குப்பெட்டி இப்போது மேல்மாடியில் இருக்கின்றது. துருத் துளைகளை அடைத்து, பச்சை வர்ணம் பூசினோம். உள்ளே நீலம் கரைந்த அந்தத் தாள்கள் இன்றும் உள்ளன. படிக்க எதுவுமில்லாத தாளை ஏன் வைத்திருக்கிறீர் என்று நண்பர் கேட்டார். அதற்கு எம்மிடம் விடையில்லை. சில பொருள்களை வைத்திருக்கத்தான் முடியும். பாதுகாக்கும் காலம் கடந்துவிட்டது.

பழைய மாணவ நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உம் நிலவறையிலோ பரணிலோ எமது கல்லூரியின் பழைய மலரொன்று, பரிசளிப்பு விழா நிகழ்ச்சிநிரலொன்று, அணிப் படமொன்று கிடக்கக் கூடும். ஊரிலே பல வீடுகள் அழிந்தன. அவற்றோடு பல மலர்களும் அழிந்தன. உம்மிடம் இருப்பது உலகிலே எஞ்சிய ஒரே பிரதியாக இருக்கலாம். இம்மலரைப் படித்து முடித்ததும் கீழே இறங்கிப் பாரும். அது தரையிலே கிடந்தால் இன்றே தூக்கி வையும். பக்கங்களைப் படமெடுத்து ஒரு பிரதியைக் கல்லூரி நூலகத்துக்கு அனுப்பும். எம் தந்தையாரின் மலர்களின் பிரதிகளை இவ்விழாவையொட்டி நாம் அனுப்பியுள்ளோம். ஆறு அங்குல உயரத்தில் ஒரு நீர்க்கோடு ஒவ்வொரு பக்கத்திலும் தெரியும். அதற்காக வாசகர் எம்மைப் பொறுத்தருள்க.

கல்லூரி அன்னை நீடூழி வாழ்க!